அம்மா பேரும் மாமா பேரும் ஒரே செக்குல இருந்தா ஒருத்தர் கணக்குல போட முடியுமா?

பிறையிலருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. பாட்டி விட்டுட்டுப் போன பட்டர்வொர்த் வீட்ட அம்மாவும் மாமாவும் சேர்ந்து வித்திருக்காங்க, ரெண்டு பேருக்கும் சரிபாதி, எல்லாக் கணக்கும் முடிஞ்சு லாயர் ஆபீஸ்ல 3 லட்சத்து 60 ஆயிரம் மலேசிய வெள்ளிக்கு ஒரே செக்கா எழுதிக் குடுத்துட்டாங்க. செக்குல அம்மா பேரு, நடுவுல மலாய்ல ‘டான்’ (‘மற்றும்’னு அர்த்தம்), அப்புறம் மாமா பேரு. மாமா ஈப்போவுல இருக்காரு, முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வீட்டோட கெடக்காரு. அம்மா செக் மெஷின்ல தன்னோட கணக்குக்குப் போட்டாங்க, மெஷின் வாங்கிக்கிச்சு, ரசீதும் வந்துச்சு, மறுநாள் பேங்குலருந்து ஃபோன் பண்ணி செக்க வந்து எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க. மாமா பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதாதா, அமெரிக்காவுல இருக்குற பெரியம்மா பையன் அங்க அப்படித்தான் செய்வோம்னு சொல்றாரே, இதான் கேள்வி.

நான் பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டுல ஒரு பேங்குல 27 வருஷம் வேல பாத்தவன், அதுல பாதிக்கு மேல கவுண்டர்லயும், செக்க பேங்குக்கு பேங்கு அனுப்பிப் பணம் வசூல் பண்ற கிளியரிங்லயும்தான். இந்த மாதிரி செக்க வச்சுக்கிட்டு மூஞ்சி வாடிப்போயி நின்னவங்கள நெறைய பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

மொதல்ல அம்மாவுக்கு ஒண்ணு சொல்லிடுங்க. செக் பவுன்ஸ் ஆகல. பணம் இல்லாம திரும்புற செக்கு வேற, இது வேற. லாயர் ஆபீஸ் கணக்குல பணம் பத்திரமா இருக்கு, உங்க செக்கு கிளியரிங்குக்கே போகல, அதுக்கு முன்னாடியே உங்க பேங்கே பேரப் பாத்துட்டு நிறுத்திடுச்சு. ஒரிஜினல் செக்கு கைக்கு வந்துடுச்சுல்ல, அது போதும், அத மடிக்காம, ஸ்டேப்ளர் குத்தாம ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல வைங்க, அடியில வெள்ளப் பட்டையில இருக்குற அந்த நம்பர் வரிமேல பேனா படக்கூடாது.

மெஷின் ஏன் வாங்கிச்சுன்னு கேட்டீங்க. மெஷினுக்கு யார் பேரு எழுதியிருக்குன்னு பாக்குற வேல கெடையாது. அது அந்த நம்பர் வரியப் படிக்கும், படம் எடுக்கும், நீங்க அடிச்ச கணக்கு நம்பரையும் தொகையையும் சேத்து வச்சிக்கும், அவ்ளோதான். சாயங்காலம் பிராஞ்சுல ஒரு ஆளு ஒவ்வொரு செக்கா எடுத்து, இந்தப் பேரும் அந்தக் கணக்குப் பேரும் ஒண்ணான்னு கண்ணால பாப்பாங்க. முன்னெல்லாம் செக்கு காயிதமே பையில கட்டி அந்த பேங்குக்குப் போகும், அவங்களும் பொரட்டிப் பாப்பாங்க, இப்ப படம் மட்டும்தான் போகுது, அதனாலதான் அடுத்த வேல நாளே பணம் வந்துடுது, அதே காரணத்தாலதான் பேரு சரியான்னு பாக்குற பொறுப்பு முழுக்க செக்க வாங்குன பேங்கு தலையில விழுது. ரசீது வந்துச்சேன்னு நம்பி அந்தப் பணத்துக்கு யாருக்கும் வாக்கு குடுத்துடாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். எல்லாம் நடுவுல இருக்குற அந்த ஒரு சொல்லுலதான் இருக்கு.

நம்ம மலேசியாவுல செக்குக்கு அடிப்படை 1949 பில்ஸ் ஆஃப் எக்ஸ்சேஞ்ச் சட்டம். வெள்ளக்காரங்க அவங்க ஊருல 1882-ல போட்ட சட்டத்தோட வழியில வந்தது. அதுல 7-வது பிரிவு சொல்றது என்னன்னா, ஒரு செக்க ரெண்டு மூணு பேருக்குச் சேத்தும் எழுதலாம், இல்ல இவருக்கோ அவருக்கோன்னும் எழுதலாம். ‘டான்’, ‘ஆண்ட்’, இல்ல அந்த ‘&’ குறி இருந்தா ரெண்டு பேருக்கும் சேத்து. ‘அல்லது’னு அர்த்தம் வர்ற ‘அத்தாவ்’, ‘ஓர்’ இருந்தா ரெண்டுல யாரு வேணும்னாலும். உங்க அம்மா செக்குல ‘அத்தாவ்’னு இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது, அம்மா கணக்குல போட்ட மறுநாளே உள்ள வந்திருக்கும், அப்புறம் மாமாவுக்குப் பாதிய அனுப்புறது உங்க வீட்டு விஷயம்.

சேத்து எழுதுன செக்க வேற ஒருத்தருக்கு மாத்திக் குடுக்கணும்னா, பேரு போட்ட எல்லாரும் பின்னால கையெழுத்துப் போட்டாகணும்னு அதே சட்டத்துல 32-வது பிரிவு சொல்லுது. அவங்க ஒரே கம்பெனியில பார்ட்னரா இருந்தா ஒருத்தர் போட்டா போதும், இல்ல மத்தவங்களுக்காகப் போட அதிகாரம் இருக்குறவரு போடலாம். அக்கா தம்பி பார்ட்னர் கெடையாது. புருஷன் பொண்டாட்டியும் கெடையாது, இத நெறைய பேரு தப்பா நெனச்சிக்கிட்டு இருக்காங்க, கல்யாண சர்டிபிகேட்ட கவுண்டர்ல நீட்டி நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதானேம்பாங்க, வீட்டுக்குள்ள ஒண்ணுதான், செக்குக்கு ரெண்டு ஆளு.

அப்ப மாமா பின்னால கையெழுத்துப் போட்டா சரியாச்சேன்னு நீங்க கேப்பீங்க. செக்கோட இடது மூலைய பாருங்க. சாய்வா ரெண்டு கோடு இருக்கா, அதுக்கு நடுவுல ‘அக்காவுன் பெனெரிமா சஹாஜா’னோ ‘ஏ/சி பேயி ஒன்லி’னோ அச்சடிச்சிருக்கா? லாயர் ஆபீஸ் செக்குல அது இல்லாம பாக்குறது அபூர்வம். அந்த வார்த்த இருந்தா செக்க யாருக்கும் மாத்திக் குடுக்க முடியாது, யார் பேரு இருக்கோ அவங்க கணக்குக்குள்ளதான் போகணும். பின்னால மாமா கையெழுத்து இல்ல, ஊரே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. கவுண்டர்ல ரொக்கமாவும் வாங்க முடியாது. அந்த வார்த்த இல்லாத செக்குன்னா சட்டப்படி கையெழுத்து வழி இருக்கு, ஆனா அதுக்கும் ரெண்டு பேரும் ஐசியோட (அடையாள அட்டையோட) நேர்ல வந்து எங்க முன்னால போடுங்கன்னுதான் பேங்குல சொல்லுவாங்க, சில பேங்கு தொகை பெருசா இருந்தா அதையும் வேணாம்னுடுவாங்க. 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கு நான் கவுண்டர்ல இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

பெரியம்மா பையன் சொன்ன அமெரிக்கா கணக்கு பொய்யில்ல, ஆனா அது அந்த ஊருக்கு. அங்க யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட்னு ஒண்ணு இருக்கு, அதுல 3-110-ன்னு ஒரு பிரிவு. ‘ஆண்ட்’ இருந்தா எல்லாரும் கையெழுத்துப் போடணும், ‘ஓர்’ இருந்தா ஒருத்தர் போதும், ரெண்டும் இல்லாம குழப்பமா எழுதியிருந்தா, ஒருத்தர் போட்டா போதும்னே எடுத்துக்கணும்னு அந்தப் பிரிவுலயே எழுதி வச்சிருக்காங்க. அதோட அங்க பின்னால கையெழுத்துப் போட்டு செக்கப் போடுறது தினப்படி பழக்கம். நம்ம சட்டத்துல குழப்பமா இருந்தா இப்படி எடுத்துக்கோன்னு சொல்ற அந்த வரி இல்ல. அதனால இங்க ரெண்டு பேருக்கு நடுவுல வெறும் சாய்கோடோ கமாவோ போட்டு வந்தா பேங்குக்காரங்க ‘டான்’னே வச்சிக்குவாங்க. அதோட உங்க செக்குல குழப்பமே இல்ல, தெளிவா ‘டான்’னு இருக்கு, அத அமெரிக்காவுக்கே கொண்டு போனாலும் ரெண்டு பேரும் வேணும்.

பேங்குக்காரங்க ஏன் இவ்ளோ கெடுபிடின்னு கோவம் வரும், அம்மாவுக்கும் வந்திருக்கும். எனக்கு நடந்த ஒண்ணு சொல்றேன்.

தொண்ணூறுகளோட கடைசி. நான் வேல பாத்த பிராஞ்சுக்கு வாராவாரம் ஒருத்தர் வருவாரு, சின்னதா மளிக வியாபாரம், எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளு, தீபாவளிக்கு முறுக்கு டின்னு கொண்டாந்து குடுப்பாரு. ஒரு நா 18 ஆயிரம் வெள்ளி செக்கு ஒண்ணு கொண்டாந்தாரு, அப்பா நெலத்துக்கு வந்த பணம், அவரு பேரும் தங்கச்சி பேரும் சேத்து எழுதியிருந்துச்சு. கோடு இருந்துச்சு, உள்ள வார்த்த எதுவும் இல்ல. பின்னால ரெண்டு கையெழுத்து, ஒண்ணு நீல மை, ஒண்ணு கறுப்பு மை. தங்கச்சி கோலாலம்பூர்ல குடும்பமா இருக்கா, கைக்கொழந்தக்காரி, அவள ஏன் அலைய விடணும்னாரு. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. வெள்ளிக்கெழம மத்தியானம், எனக்குப் பின்னால வரிச நீண்டுக்கிட்டு இருக்கு, தெரிஞ்ச மனுசன் வேற. சாப் (முத்திரை) குத்தி எடுத்துக்கிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அந்தத் தங்கச்சி வந்து நின்னாங்க. இடுப்புல கொழந்த, கையில செக்கோட போட்டோஸ்டாட் காப்பி, பணம் குடுத்த ஆபீஸ்ல கேட்டு வாங்கியிருக்காங்க. பின்பக்கத்தத் திருப்பிக் காமிச்சு, ‘அண்ணே, இது என் கையெழுத்தில்ல’ன்னாங்க. சத்தம் போடல. என் கவுண்டர்ல கெடந்த டெபாசிட் பாரம் ஒண்ண எடுத்து அது பின்னால அவங்க கையெழுத்தப் போட்டு காப்பிக்குப் பக்கத்துல வச்சாங்க. அவங்க தமிழ்ல கையெழுத்துப் போடுறவங்க. செக்குல இருந்தது ரோமன் எழுத்துல.

அத இன்னும் என்னால மறக்க முடியல. அந்தம்மாவுக்கு அவங்க பங்கு கெடைக்க எட்டு மாசம் ஆச்சு. பேங்கு மொதல்ல அண்ணன்கிட்ட கேளுன்னுச்சு, அண்ணன் கடன்காரங்களுக்குக் குடுத்துட்டேன்னாரு, கடைசியில பேங்குதான் குடுக்க வேண்டியதாப் போச்சு, எனக்கு எச்சரிக்க கடுதாசி. கடுதாசிய விடுங்க, அது எனக்கு வேண்டியதுதான். ஒரு பொம்பள தன்னோட பங்குக்காக எட்டு மாசம் கைக்கொழந்தையோட கோலாலம்பூர்லருந்து ராத்திரி பஸ்ஸுல வந்து போனாங்களே, அத நெனச்சாத்தான் இன்னைக்கும் மனசு கெடந்து அடிச்சிக்குது. சட்டப்படி பாத்தாலும் அதான் ஞாயம், உரிமை இல்லாதவருக்காக ஒரு பேங்கு செக்க வசூல் பண்ணிக் குடுத்தா, கவனக்குறைவா நடந்துச்சுன்னா, உண்மையான சொந்தக்காரருக்கு அந்த பேங்கே பதில் சொல்லணும்.

அதனால தங்கச்சி, ‘டான்’ங்கிறத உங்க அம்மாவுக்கு வந்த தடையா பாக்காதீங்க. நேர்ல வர முடியாதவரோட பங்குக்கு அது காவல். இன்னைக்கு அது உங்க மாமாவக் காக்குது. நாளைக்கே செக்கு மாமா கையில இருந்து அம்மா முட்டி வலியோட வீட்டுல இருந்தா அம்மாவக் காக்கும். உங்க மாமா நல்லவர்னு எனக்கும் தெரியுது, ஆனா கவுண்டர்ல இருக்குற பொண்ணுக்கு உங்க குடும்பத்தத் தெரியாது, தெரிஞ்சவன் நான் வாங்கித்தான் அந்தத் தப்பு நடந்துச்சு.

சரி, இப்ப என்ன செய்யலாம். என்னக் கேட்டா மொத வழி, செக்கத் திருப்பிக் குடுத்து ரெண்டாப் பிரிச்சு வாங்குறதுதான். லாயர் ஆபீஸுக்கு இது புதுசில்ல. அம்மாவும் மாமாவும் சேந்து ஒரு கடுதாசி குடுக்கணும்: இந்த நம்பர் செக்கத் திருப்பித் தரோம், தொகையில பாதி அம்மா பேருக்கும் பாதி மாமா பேருக்கும் தனித்தனியா குடுங்க, ஆளுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கணும், ரெண்டு ஐசி காப்பி, ஒரிஜினல் செக்கு. மாமா ஈப்போவுல இருந்தே கையெழுத்துப் போட்டு போஸ்ட்ல அனுப்பலாம், கையெழுத்து அவரோடதுதான்னு உறுதியா வேணும்னு லாயர் கேட்டா, ஈப்போவுலயே ஒரு பெசுருஹ்ஜாயா சும்பா (சத்தியப் பிரமாணம் வாங்குற அதிகாரி) முன்னால போட்டு சாப் வாங்கிடுங்க, சின்னக் கட்டணந்தான், வீட்டுக்கு வரமுடியுமான்னும் கேட்டுப் பாருங்க.

கடுதாசியில இன்னொரு வரியும் சேத்துக்குங்க, செக்குக்குப் பதிலா நேரா கணக்குக்கே அனுப்ப முடியுமான்னு. நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாரா 2011-ல போட்ட பத்து வருஷத் திட்டத்துலயே செக்குப் பொழக்கத்தப் பாதிக்கு மேல குறைக்கணும்னு வச்சாங்க, 2015 ஜனவரியிலருந்து செக்கு எழுதுறவங்களுக்கு ஒரு செக்குக்கு 50 காசு கட்டணம் வந்துச்சு, 2018 கடைசியில ஃபோன்லயே உடனே பணம் அனுப்புற டூயிட்நவ் வந்துச்சு. பெரிய தொகைய, பேங்குக்கு பேங்கு நேரா அனுப்புற ரெந்தாஸ் முறையில அனுப்பலாம், அன்னைக்கே போயிடும். லாயர் ஆபீஸ்ல இன்னும் செக்கு எழுதுறாங்கன்னா அது அவங்க பழக்கம், நீங்க எழுத்துல கேட்டா பெரும்பாலும் செஞ்சு குடுப்பாங்க. அப்படிக் கேக்கும்போது ரெண்டு பேரோட பேங்க் ஸ்டேட்மெண்ட்ல பேரும் கணக்கு நம்பரும் இருக்குற மேல்பாதிய காப்பி எடுத்துக் குடுங்க, கையால எழுதிக் குடுத்தா ஒரு நம்பர் மாறுனாலும் அலைச்சல்.

செக்குலயே ‘டான்’ன அடிச்சிட்டு ‘அத்தாவ்’னு எழுதி லாயர் ஓரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா என்னன்னு யாராவது சொல்லுவாங்க. வேணாம். அடிச்சுத் திருத்துன செக்கு படத்துல பாக்கும்போது இன்னும் சந்தேகத்தத்தான் கெளப்பும், திரும்பி வந்து இன்னொரு வாரம் போகும். புதுசு எழுதி வாங்குங்க.

ரெண்டாவது வழி ஜாயிண்ட் அக்கவுண்ட். அம்மா பேரும் மாமா பேரும் உள்ள கணக்கு ஒண்ணு தொறந்தா அதே செக்கு அப்படியே உள்ள போகும். ஆனா தொறக்க ரெண்டு பேரும் ஐசியோட பிராஞ்சுக்குப் போகணும், மாமா ஈப்போ பிராஞ்சுலயும் அம்மா இங்கயும் தனித்தனியா கையெழுத்துப் போட ஒத்துக்குவாங்களான்னு அந்தந்த பேங்கதான் கேக்கணும். தொறந்தா பாரத்துல ஒரு எடம் வரும், பணம் எடுக்க யாராவது ஒருத்தர் கையெழுத்து போதுமா, ரெண்டும் வேணுமான்னு. கவுண்டர்ல இருக்குறவங்க அவசரத்துல ஒருத்தர் போதும்னு டிக் போட்டுத் தருவாங்க. நீங்க ரெண்டும் வேணும்னு போடச் சொல்லுங்க, பாதி பாதியாப் பிரிச்சு அவங்கவங்க கணக்குக்கு மாத்துனதும் மூடிடுங்க. ரொம்ப நாள் வச்சிருக்க வேணாம்னு ஏன் சொல்றேன்னா, பேங்கு முழுகிப் போனா நம்ம பணத்துக்குக் கெடைக்கிற பிஐடிஎம் காப்பு, ஒரு பேங்குல ஒரு ஜாயிண்ட் அக்கவுண்டுக்கு மொத்தமா 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி வரைக்கும்தான், ஆளுக்கு அவ்ளோன்னு இல்ல. ஆளாளுக்குத் தனிக் கணக்குல இருந்தா அவங்கவங்களுக்குத் தனியா அந்த 2 லட்சத்து 50 ஆயிரம் இருக்கு, உங்க 1 லட்சத்து 80 ஆயிரம் முழுசா அதுக்குள்ள அடங்கிடும். அதோட ஜாயிண்ட்ல பணம் இருக்கும்போது ரெண்டு பேருல ஒருத்தருக்கு ஏதாவது ஆயிட்டா கணக்க நிறுத்தி வச்சிட்டு கோர்ட்டு பேப்பர் கொண்டான்னு கேக்குற நெலம வரலாம். வயசானவங்க ரெண்டு பேர் பணத்த அப்படி வைக்க எனக்கு மனசு வரல.

மூணாவது, பவர் ஆஃப் அட்டர்னி. மாமா அம்மாவுக்கு அதிகாரம் எழுதிக் குடுக்கலாம், அத ஹைகோர்ட்டுல பதியணும், லாயர் செலவு வேற, இவ்ளோ செஞ்சும் ‘பேயி ஒன்லி’ செக்க அம்மா தனிக் கணக்குல போட முடியாது, மாமா பேருல கணக்கு தொறக்கவோ கடுதாசியில கையெழுத்துப் போடவோதான் அது உதவும். மாமா படுத்த படுக்கையா இருந்தா யோசிக்கலாம். முட்டி ஆபரேஷனுக்கு எதுக்கு.

யாராவது மாமா கையெழுத்த நீயே போட்டுடு, அவருதான் சரின்னுட்டாரேன்னு சொல்லுவாங்க. போடாதீங்க. அவரு ஃபோன்ல சரின்னாலும் அத கள்ளக் கையெழுத்தாத்தான் பாப்பாங்க, நாளைக்கு மாமா வீட்டுல வேற யாராவது கேள்வி கேட்டா அம்மாதான் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கணும்.

நம்மாளுங்களுக்குன்னே வர்ற ஒரு பிரச்சன இருக்கு, புது செக்கு வாங்கும்போது அதயும் பாத்துக்குங்க. பேரு. அம்மா ஐசியில ‘லெட்சுமி ஏ/பி கிருஷ்ணன்’னு (ஏ/பின்னா மகள்) இருக்கும்னு வைங்க, நெலப் பத்திரத்துல பழைய காலத்து எழுத்துல வேற மாதிரி இருக்கும், மாமாவுக்கு ‘எஸ்/ஓ’னு இருக்கும், ஐசியில ‘ஏ/எல்’னு மாறியிருக்கும், ரெண்டுமே இன்னாரோட மகன்னு அர்த்தம்தான். ‘எஸ்/ஓ’ ‘ஏ/எல்’ வித்தியாசத்துக்கெல்லாம் பொதுவா யாரும் செக்க நிறுத்த மாட்டாங்க, ஆனா அப்பா பேரே விட்டுப் போயிருந்தாலோ எழுத்து ரெண்டு மூணு மாறியிருந்தாலோ நிறுத்துவாங்க, அதுலயும் பெரிய தொகைன்னா கண்டிப்பா. நம்ம பொம்பளைங்க கல்யாணம் ஆனாலும் ஐசியில அப்பா பேரோடதான் இருப்பாங்க, புருஷன் பேரு வராது. இது தெரியாம ‘மிஸஸ்’னு போட்டு புருஷன் பேர எழுதிக் குடுத்துடுவாங்க. கல்யாணத்துக்கு கம்பெனி மொதலாளி ‘மிஸ்டர் ஆண்ட் மிஸஸ்’னு போட்டு எழுதுன செக்க எடுத்துக்கிட்டு மருதாணி காயாத கையோட வந்த பொண்ணுங்க இருக்காங்க, ஐசியில அந்தப் பேரே இல்ல, ‘ஆண்ட்’ வேற இருக்கு, ஜாயிண்ட் அக்கவுண்டும் இல்ல. குடுத்தவருகிட்ட போயி மாத்திக் குடுங்கன்னு கேக்க கூச்சப்பட்டு அப்படியே அலமாரியில வச்சு தேதி தாண்டிப் போனதும் உண்டு. கேக்குறதுல கூச்சம் வேணாம், ஐசியில உள்ள பேர அப்படியே எழுத்தெழுத்தா வாட்ஸப்புல அனுப்பி இப்படி எழுதிக் குடுங்கன்னு சொல்லலாம், குடுக்கணும்னு நெனச்சவங்க மாத்திக் குடுக்கத்தான் செய்வாங்க.

ரெண்டு பேர் பேருல வந்து அதுல ஒருத்தர் தவறிப்போயிருந்தா கதை வேற, இருக்குறவரு தன் கணக்குல போட முடியாது, எழுதுனவங்ககிட்டயே திருப்பிக் குடுத்து, போனவரோட பங்குக்கு சொத்த நிர்வகிக்க கோர்ட்டுல வாங்குற புரோபேட்டோ (உயில் இருந்தா) லெட்டர் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷனோ (உயில் இல்லன்னா) எடுத்து, எஸ்டேட் (அவரு விட்டுட்டுப் போன சொத்து) பேருல ஒரு கணக்கு தொறந்துதான் வாங்கணும். உங்களுக்கு அந்த நெலம இல்ல, ஆனா வயசானவங்க விஷயம், செக்க இழுத்தடிக்காதீங்கன்னு அதுக்குத்தான் சொல்றேன்.

வீட்ட வித்ததுல பிடிச்சு வச்ச 3 சதவீதம் பத்தி நீங்க கேக்கல, ஆனா அம்மா கேப்பாங்க. வாங்குனவங்க லாயர் பொதுவா வெலையில 3 சதவீதத்தப் பிடிச்சு வருமான வரி ஆபீஸுக்குக் கட்டியிருப்பாங்க, நெல ஆதாய வரிக்காக. அதுல திரும்பி வர வேண்டியது இருந்தா அம்மாவுக்கும் மாமாவுக்கும் தனித்தனியாத்தான் வரும், ஏன்னா ரெண்டு பேரும் தனித்தனி பாரம் போட்டிருப்பாங்க. அங்க ‘டான்’ வராது. பாரத்துல பேங்க் கணக்கு நம்பர் சரியா இருக்கான்னு மட்டும் லாயர்கிட்ட கேட்டு வைங்க.

இனிமே வீடு, நெலம், வாடக டெபாசிட்னு ரெண்டு பேர் பங்கு உள்ள எதுவா இருந்தாலும், பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே, லாயர் கணக்குச் சீட்டு அனுப்பும்போதே, யாருக்கு எவ்ளோ எப்படி வேணும்னு எழுதிக் குடுத்துடுங்க. செக்கு எழுதுறது பெரும்பாலும் லாயர் இல்ல, அக்கவுண்ட்ஸ்ல இருக்குற பொண்ணு, அது ஃபைல்ல பத்திரத்துல எப்படி ரெண்டு பேரு இருக்கோ அப்படியே பாத்து எழுதிடும். இன்சூரன்ஸ்லயும் இதே மாதிரிதான், நாமினி ரெண்டு பேருன்னா அவங்கவங்க பங்க அவங்கவங்க கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்க.

பேங்கு சரியா பதில் சொல்லாம இழுத்தா, உங்க விஷயத்துல பேங்கு செஞ்சது சரிதான், ஆனா வேற யாருக்காவது, எடுத்துக்காட்டா உங்க பங்கு உள்ள செக்க உங்களுக்குத் தெரியாம வேறொருத்தர் கணக்குல போட்டுக் குடுத்திருந்தா, மொதல்ல அந்த பேங்கோட புகார் பிரிவுக்கு எழுத்துல குடுங்க, பதில் திருப்தி இல்லன்னா ஃபைனான்ஷியல் மார்க்கெட்ஸ் ஆம்பட்ஸ்மன் சர்வீஸ்னு பேங்கு மேல வர்ற புகார விசாரிக்கிற எடம் ஒண்ணு இருக்கு, முன்ன ஓஎஃப்எஸ்னு இருந்தது, 2025 ஜனவரியிலருந்து இந்தப் பேருல நடக்குது, அங்க போகலாம். அந்தக் காலத்துல அந்தத் தங்கச்சிக்கு இப்படி ஒரு எடம் இருக்குன்னு சொல்ல யாரும் இல்ல.

திங்கக்கெழம லாயர் ஆபீஸுக்குப் போகும்போது செக்கு, பேங்கு திருப்பிக் குடுத்த சீட்டு, ரெண்டு ஐசி காப்பி, ரெண்டு ஸ்டேட்மெண்ட் காப்பி, மாமா கையெழுத்துப் போட்ட கடுதாசி அஞ்சும் கையில இருக்கட்டும். செக்கக் குடுத்ததும் வாங்கிக்கிட்டோம்னு அவங்க சாப் போட்ட ஒரு காப்பி கேட்டு வாங்குங்க, அது இல்லாம அந்த ஆபீஸ விட்டு வெளிய வராதீங்க.